இறக்கம் சொல்லாதவர்

யாழ்ப்பாணத்து மினிபஸ்ஸிலிருந்து இறங்க வேண்டுமானால் வாயைத் திறந்து "இறக்கம்" என்று சொல்ல வேண்டும். அதுவும் பாட்டுச் சத்தத்தை மீறிச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தன் ஊரான சண்டிலிப்பாயில் வேறு யாராவது இறங்கினால் அவரும் பின்னால் இறங்கிவிடுவார். யாரும் இறங்காவிட்டால் பேசாமல் இருப்பார். அடுத்த ஆள் எங்கே இறங்குகிறாரோ அங்கே தானும் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடப்பார். ஒருமுறை சங்கானைவரை போய்விட்டார்.

அன்றைக்கு நான் ஸ்கூட்டியில் எதிரே வந்தேன். பங்குனி வெயில் தார் ரோட்டில் தண்ணீர் போல மினுங்கியது. அதன் நடுவே ஒரு கறுத்தக் குடை மிதந்து வந்தது. கிட்ட வந்த பிறகுதான் குடைக்குக் கீழே அவர் இருப்பது தெரிந்தது.

"என்ன அன்ரி, இந்த வெயிலுக்கை நடந்து வாறியள்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. ஆரும் இறங்கேல்லை."

ஏதோ மழை பெய்யவில்லை என்பது போலச் சொன்னார். நான் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன். ஏற்றிவிடச் சொல்லி அவர் கேட்கவில்லை. நான் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்திய பிறகுதான் குடையைச் சுருக்கினார்.

அவர் பக்கத்து ஊர்த் தபாலகமொன்றில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்யவில்லை. ஊர் அவரைப் போஸ்மாஸ்ரர் அம்மா என்றது, நான் அன்ரி என்றேன். எனக்கு அப்போது காப்புறுதி முகவர் வேலை. வலிகாமத்து ஒழுங்கை ஒழுங்கையாக ஸ்கூட்டியில் திரிந்து பொலிசி விற்பதும், விற்ற பொலிசிக்குக் கட்டுப்பணம் வாங்குவதும்தான் சோறு போட்டது. இப்போது அந்த வேலை இல்லை, அவரும் இல்லை. ஆனால் மினிபஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடம் வந்து, வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் எனக்குப் பக்கத்துச் சீற்றில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

கேட்க மாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு இருப்பது இந்த ஒன்றுதான். உதவி கேட்க மாட்டார், பொருள் கேட்க மாட்டார், கேள்விகூடக் கேட்க மாட்டார். கடைக்குப் போனால் மரக்கறிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைக்காரர் அவர் கண் போகிற இடத்தைப் பார்த்து நிறுத்துக் கொடுப்பார். ஒருநாள் பூசணிக்காய்க்குப் பின்னால் தொங்கிய கலண்டரில் ஏகாதசி எப்போதென்று பார்த்திருக்கிறார். முழுப் பூசணிக்காயையும் பைக்குள் வைத்துவிட்டார்கள். அவரும் தூக்கிக்கொண்டு வந்து ஒரு கிழமை பூசணிக்காயே தின்றார். பாதி எனக்கு வந்தது.

கோயிலிலும் அப்படித்தான். எல்லோரும் கண்ணை மூடி உதடு அசைய நிற்கும்போது அவர் கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன அன்ரி, சுவாமியிட்டையும் ஒண்டும் கேக்கிறேல்லையோ என்று ஒருநாள் பகிடியாகக் கேட்டேன்.

"அவருக்கு ஆயிரம் அலுவல்," என்றார்.

இப்படிப்பட்டவர் எப்படி ஒரு தபாலகத்தை நடத்தினார் என்று முதலில் எனக்கு ஆச்சரியம். பிறகு விளங்கியது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள்தான் கேட்க வேண்டும், அந்தப் பக்கம் இருக்கிறவர் கொடுத்தால் போதும். முப்பது வருடம் அவர் சரியான பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் நான் பொலிசி விற்ற கதையைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். என்னுடைய தொழில் பயம் விற்பது. அலுவலகத்தில் அதற்குப் பாதுகாப்பு என்று நல்ல பெயர் வைத்திருந்தார்கள். பென்சன் எடுத்த ஆட்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்புறுதி புதிதாக வந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், ஆனால் வரிசை நீளம். தனியாரிடம் போனால் வரிசை இல்லை, பில் நீளம். அந்த நீள பில்லை நாங்கள் கட்டுவோம், மாதாமாதம் எங்களுக்கு நீங்கள் கட்டுங்கள் என்பதுதான் கணக்கு. எழுபதாவது பிறந்தநாளோடு காப்பு முடியும். அதற்குள் நோய் வருத்தம் வராவிட்டால் கட்டிய காசு திரும்பாது.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளுக்கு ஒரு கதை வைத்திருந்தேன், ஒருவரும் இல்லாத வீடுகளுக்கு இன்னொரு கதை. அவருக்குக் கனடாவில் தங்கையின் மகன் ஒருவன் இருந்தான். எந்தக் கதையை எடுப்பதென்று யோசித்து இரண்டையும் கலந்து சொன்னேன்.

"வருத்தம் சொல்லிப்போட்டு வாறேல்லை அன்ரி. வந்தால் உடனை ஆரையாவது பாக்க வேணும். இதைக் கட்டி வைச்சியளெண்டால் பிறகு நீங்கள் ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை."

அவருடைய கை பேனாவுக்குப் போனது. இத்தனை இலேசாக யாரும் கையெழுத்து வைத்ததை நான் கண்டதில்லை. ஏதும் விளங்காவிட்டால் கேளுங்கோ என்றேன், ஒரு மரியாதைக்கு. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் நூறு கேள்வி வரும். எப்படி எடுக்கிறது, எங்கே குடுக்கிறது, தராமல் ஏமாத்திப்போடுவியளோ என்று என் பொறுமை போகும்வரை கேட்பார்கள். அவர் "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார். கட்டுவது எப்படி என்று மட்டும் சொன்னேன். வருத்தம் வந்தால் காசை வெளியே எடுப்பதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதில் அவரே கையெழுத்து வைத்துக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

அந்த வீட்டை நினைத்தால் எனக்கு அங்கே எப்போதும் பின்னேரம் மூன்று மணிதான். காலையில் போன நாட்களும் இருந்திருக்கும், ஞாபகத்தில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மிசின் ஒரே தாளத்தில் டுக் டுக் என்று அடித்துக்கொண்டிருக்கும். பக்கத்து வளவில் காயப்போட்ட புகையிலையின் மணம் காற்று இல்லாமலே உள்ளே வரும். மின்விசிறி நினைத்து நினைத்துச் சுற்றும். காலையிலிருந்து பத்து வீட்டில் வருத்தத்தைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்த எனக்கு அந்தப் பிரம்புக் கதிரையில் இருந்ததும் கண் சொருகிவிடும். விழிக்கும்போது பக்கத்து ஸ்ரூலில் தேத்தண்ணி இருக்கும், ஆறாமல் இருக்கச் சாசரால் மூடி. எழுப்பவும் மாட்டார், குடிக்கிறீரோ என்று கேட்கவும் மாட்டார். நான் தூங்கி எழுந்த அந்த அரை மணித்தியாலங்கள்தான் அந்த வேலையில் எனக்குக் கிடைத்த சம்பளம் என்று சில நேரம் தோன்றும்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. எழும்பி நடமாடவே ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. படுக்கையில் கிடந்தபோது மற்ற வாடிக்கையாளர்கள் போன் அடித்துக் காதைக் குடைந்தார்கள். அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எழும்பி முதலில் கணக்குப் பார்த்தால், அவருடைய பொலிசி அன்று நாலு மணியோடு செத்துவிடும். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். மேசையில் காசு உறை, மேலே பாரத்துக்குத் திருநீற்றுப் பேணி. உறையில் போன மாதத்துத் திகதி.

"ஒரு போன் எடுத்திருக்கலாமே அன்ரி."

"உமக்கு ஏதும் அலுவலா இருக்கும் எண்டு விட்டிட்டன்."

"நான் வராட்டி இதெல்லாம் முடிஞ்சிருக்கும். இவ்வளவு வருசம் கட்டினதும் வீண்."

"வருவீர் எண்டு இருந்தன்," என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஏச்சும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு ஸ்கூட்டியை முறுக்கினேன்.

எங்கள் மனேஜருக்கு அவரை நேரில் தெரியாது, ஆனால் பெயர் தெரியும். கட்டுவார், ஒருநாளும் எடுக்க மாட்டார். இப்படிப் பத்துப் பேர் இருந்தால் கிளை நிமிர்ந்துவிடும் என்பார். நானும் சிரித்திருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது, அந்தக் காலத்தில் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஏன் கேட்க மாட்டார் என்பதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதையும் என்னைப் பார்த்துச் சொன்னாரா, ஜன்னலைப் பார்த்துச் சொன்னாரா தெரியாது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். மிசின் அடித்துக்கொண்டிருந்தது.

"கேட்டு எழுதிறதுக்கு ஒரு முறை இருக்குப் பிள்ளை. முந்திச் சனம் என்னட்டைத்தான் வருங்கள், வெளிநாட்டுக் கடிதம் எழுதுவிக்க. நீலக் கடிதத்திலை முதல் சுகம் விசாரிக்கிறது. பிறகு மழை. பிறகு மாடு கண்டு போட்டது. கோயில் கொடியேறினது. எல்லாம் எழுதி, தாள் முடியிற இடத்திலை, ஒட்டுற மடிப்புக்குக் கிட்ட, அப்பாவுக்கு ஒப்பரேசன், ஏலுமெண்டால் ஏதும் அனுப்பு எண்டு வரும். மேலை இடம் இருந்தாலும் அங்கைதான் எழுதச் சொல்லுங்கள்."

என் தேத்தண்ணியைச் சாசரால் மூடும் சத்தம் கேட்டது.

"மறுமொழி வந்ததோ வரேல்லையோ எண்டு ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வந்தால் என்ரை கையாலைதானே போகவேணும். ஒரு மனிசன், மனிசிக்குக் கிட்னி வருத்தம். நான்தான் எழுதிக் குடுத்தனான். ஒவ்வொரு நாளும் வந்து தபாற்கந்தோர் வாசல் வேப்பமரத்துக்குக் கீழை நிக்கும். உள்ளுக்கு வந்து கேக்காது. நான் தலையை ஆட்டுவன், அது போகும். மாரி முடிஞ்சு ஒருநாள் கடிதம் வந்தது, பதிவுத் தபாலிலை. நான் கையிலை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்திட்டன். அண்டைக்கு அந்த மனிசன் மொட்டையடிச்சுப்போட்டு வந்து நிக்குது."

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தது.

"கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் குடுக்க வேணும். வாங்கினன். அண்டைக்கு நினைச்சன், நானும் ஒருத்தரைக் கேட்டு எழுதிப்போட்டு அந்த மரத்துக்குக் கீழை நிக்கக் கூடாது எண்டு."

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் நிறுத்திவிடுவார் என்று பயமாக இருந்தது. ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை என்று நான் கெட்டித்தனமாகச் சொன்ன வசனம் அவருக்குள் எங்கே போய் விழுந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

அறுபத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்த காலத்தில் கண்ணில் வெண்புரை வந்தது. அவர் அதை ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை. "விடியத்தாலை எல்லாம் பனி மாதிரி வடிவா இருக்குப் பிள்ளை. விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுது" என்று ஏதோ புதிதாக வாங்கிய சேலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். ஒரு வருடம் அந்தப் பனிக்குள்ளேயே இருந்தார். கடையில் அவர் பார்வை எங்கே போகிறதென்று இப்போது கடைக்காரருக்கும் தெரியவில்லை. நான் கொடுத்த பற்றுச்சீட்டைத் தலைகீழாகப் பிடித்து, வாசித்தது போலத் தலையாட்டி மடித்து வைத்தார். இன்னொரு நாள் நான் போனபோது கிணற்றடியில் நின்றார். கையால் கிணற்றுக் கட்டைத் தடவித் தடவி நகர்ந்துகொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் கிணற்றுக் கட்டு இடிந்து கிடந்தது. அந்தப் பக்கத்தை நோக்கித்தான் கை போனது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "எனக்குக் கணக்குத் தெரியும்" என்றார்.

பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகாமல் இல்லை. போய், காலையிலிருந்து மத்தியானம்வரை மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் துண்டுச்சீட்டு எடுத்துக் கொடுத்தால்தான் பெயர் கூப்பிடுவார்கள். அது அவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருந்தவரைக் கேட்கவும் இல்லை. எல்லோரும் போன பிறகு தாதி ஒருத்தி வந்து ஆருக்காக இருக்கிறியள் அம்மா என்று விசாரித்திருக்கிறாள். சும்மா இருந்தன் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கே இறங்கினார் என்று நான் விசாரிக்கவில்லை.

கனடாக்காரன் ஞாயிறு தவறாமல் போன் எடுப்பவன். பெரியம்மா, ஏதும் வேணுமோ என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பவன். அவனுக்கு ஒரு சொல் சொன்னால் போதும் என்றேன்.

"அவனுக்குச் சொன்னீரெண்டால் பிறகு நான் உம்மோடை கதையன்," என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னை வெருட்டியது அது ஒன்றுதான்.

சரி, பொலிசி இருக்கிறதே. எழுபதுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. படிவத்தை நானே நிரப்பிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பகுதியாக வாசித்து விளக்கினேன். கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் புள்ளியும் போட்டிருந்தேன். அவர் முழுவதையும் கேட்டார். பேனாவை எடுக்கவில்லை.

"அப்ப இதுவும் கேட்டு எழுதிறதுதான்."

"அப்பிடி இல்லை அன்ரி. இது உங்கடை காசு. பத்து வருசம் கட்டியிருக்கிறியள்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற பழக்கம் எனக்கில்லை. கிடக்கட்டும்."

கேட்கக் கூடாதென்று கட்டினார். கேட்டால்தான் கிடைக்கும் என்று சொல்லாமல் நான் விற்றேன். நடுவில் ஒரு கண் மூடிக்கொண்டு வந்தது. அன்றைக்கு நான் தேத்தண்ணி குடிக்காமல் வெளிக்கிட்டேன். ஒழுங்கை முடக்கில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நன்றாக அழுதேன். கிழமைகள் வேறு ஓடிக்கொண்டிருந்தன.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் கேட்க மாட்டார். ஆனால் பழைய அரசாங்க உத்தியோகத்தர். ஒரு கந்தோர் கூப்பிட்டால் போகாமல் இருக்க மாட்டார். மானிப்பாயில் ஒரு கொமினிகேசன் கடையில் இருந்து கடிதம் ஒன்று ரைப் அடித்தேன். மேலே தலைமை அலுவலகம், கொழும்பு என்று போட்டேன். தங்களது காப்புறுதி நிறைவடைவதற்கு முன்னர் தங்கள் கண்கள் கவனிக்கப்பட வேண்டியுள்ளதால், கீழ்க்காணும் தினத்தில் கீழ்க்காணும் தனியார் மருத்துவமனைக்குச் சமுகமளிக்குமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம், வாகன வசதி செய்யப்படும் என்று எழுதினேன். கீழே இடது கையால் ஒரு கிறுக்கல். சண்டிலிப்பாயில் போட்டால் அரை மணித்தியாலத்தில் அவர் காதுக்குப் போய்விடும் என்று மானிப்பாய்த் தபாலகத்திலேயே பதிவுத் தபாலில் சேர்த்தேன். வைத்தியரிடம் நாள் எடுத்து, ஓட்டோவுக்கும் சொல்லி வைத்தேன்.

நாலாம் நாள் போனேன். கடிதம் மேசையில் எழுத்து என் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"கடிதம் ஒண்டு வந்திருக்கு," என்றார்.

ஓ, அப்படியா என்று முகத்தில் ஆச்சரியத்தை வரவழைத்துக்கொண்டு, நான் எழுதிய கடிதத்தை நானே எழுத்துக்கூட்டுவது போல வாசித்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவையள் கேட்டிருக்கினம்," என்றார் கடைசியில்.

"ஓம் அன்ரி. கேட்டிருக்கினம்."

"அப்ப போகத்தான் வேணும்."

உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பெருவிரலால் அதன் மூலையைத் தடவிக்கொண்டே இருந்தார். சந்தோசத்தில் தடவுகிறார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் விரல் வைத்த இடமெல்லாம் கையெழுத்து வைத்தார். எங்கள் படிவமும் அந்தக் கட்டுக்குள் இருந்தது. குளிரூட்டிய அறையில் பல் கிட்டிக்கொண்டு இருந்தார். போர்வை ஒன்று தாருங்கோ என்று நான்தான் கேட்டு வாங்கினேன். ஏதும் வேணுமோ அம்மா என்று தாதி வந்து மூன்று தடவை விசாரித்தாள், மூன்று தடவையும் ஒன்றும் வேண்டாம். முதலில் இடது கண். மற்றக் கண்ணை ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் வைத்தியர். அந்த மற்றக் கண்ணுக்கு இன்னொரு கடிதம் எழுத எனக்குத் துணிவில்லை. ஒரு பொய்யை ஒருதரம் விற்கலாம், இரண்டாம் தரம் விற்க முடியாது. அது என் தொழில் எனக்குச் சொல்லித் தந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு பின்னேரம் போனேன். வழக்கமான மூன்று மணி. மிசின் அடித்தது, புகையிலை மணந்தது. அவர் வாசலில் நின்று நான் ஸ்கூட்டியை விட்டு இறங்குவதை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு நரை வந்திட்டுது," என்றார்.

"உங்களாலைதான் வந்தது அன்ரி."

சிரித்தார். பிறகு உள்ளே போய் அந்தக் கடித உறையை எடுத்து வந்தார். என் முன்னால் வைத்து, மூலையில் இருந்த வட்டச் சீலின்மேல் விரலை வைத்தார்.

"கொழும்புக் கடிதம். மானிப்பாய்ச் சீல்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"முப்பது வருசம் உந்தச் சீல் குத்தின கை இது. கடிதம் வந்தால் விலாசத்துக்கு முதல் சீலைத்தான் பாப்பன். அந்தப் பனிக்குள்ளையும் தெரிஞ்சது."

"தெரிஞ்சுகொண்டோ வந்தனியள்?"

ஜன்னலுக்கு வெளியே வெங்காயப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தாளாக எண்ணுகிறவர் போல இருந்தது.

"ஊருக்கு வந்த கடிதமெல்லாம் என்ரை கையாலை போனது. நானும் எத்தினை பேருக்கு எழுதிக் குடுத்தன். எனக்கெண்டு ஒரு ஆள் இருந்து யோசிச்சு எழுதினது உது ஒண்டுதான் பிள்ளை. போகாமல் என்னெண்டு இருக்கிறது."

அவர் மெல்ல உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். மூடாத கண்ணால் தோட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் நான் இன்னும் பனிக்குள்தான் நின்றிருப்பேன். பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கையை எடுக்காமலே, சீற்றின் நுனிக்கு வந்துவிட்ட பயணி போலக் கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து உட்கார்ந்தார்.

"மற்றக் கண்ணுக்கும் ஒரு கடிதம் வருமோ?"

பத்து வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் கேள்வி. குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்தது. பஸ்ஸாக இருந்தால் நிச்சயமாக நின்றிருக்காது.

"வரும் அன்ரி," என்றேன்.

"கொழும்புச் சீலோடை வந்தால் வடிவா இருக்கும்."

அன்று பின்னேரமே கடிதத்தை எழுதினேன். இந்த முறை வலது கையால், என் பெயரையே கீழே வைத்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போய், கொழும்பு பஸ் வெளிக்கிட நின்ற இடத்தில் சாரதியைப் பிடித்து, கொழும்பில் இறங்கியதும் ஒரு தபால் பெட்டியில் போட்டுவிடச் சொல்லிக் கொடுத்தேன். சாரதி உறையைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, உங்கை இருக்கிற சண்டிலிப்பாய்க்குப் போற கடிதத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுறியள்?"

"ஓம் அண்ணை," என்றேன். "அவ கேட்டவ."